கைசர் தலை வைத்த இடம்

இதைக் கதை என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் மனைவி லிஜி கூடவே இருந்து பார்த்தவள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

1997 ஜனவரி. எங்களை அந்த வீட்டில் கொண்டுபோய் வைத்தவன் சத்தியராஜ். பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவன். என் மகள் சிஜிக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்திக்கொண்டு, இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று சபை முன்னால் வாக்குக் கொடுத்தவன்.

அவனுக்குத் துபாயில் வேலை. முந்தின வருடம் பெண்டாட்டியையும் மகளையும் திடுதிப்பென்று அங்கே அழைத்துக்கொண்டு போய்விட்டான். திருப்புறத்தில் கட்டிய புது வீடு பூட்டிக் கிடந்தது. லீவில் வந்தவன், ஒழுகிக்கொண்டிருந்த என் வாடகை வீட்டுக்கு வந்தான்.

"எலே வேதமணி, எனக்க வீடு சும்மா கெடக்குது. நீ குடும்பத்தோட போய் இரி. வாடகை ஒண்ணும் வேண்டாம். நாய்க்கு ரெண்டு நேரம் சோறு வச்சா மதி."

நான் நெய்யாற்றின்கரையில் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவன். எனக்கு அது கோடீஸ்வரன் வீடு. சாவியைத் தந்தபோது ஒரு சின்ன அறையைத் திறந்து காட்டினான்.

"சிஜி மோள இந்தக் கட்டில்ல கெடத்துங்க. எனக்க மோளுக்க கட்டிலாக்கும்."

பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாயின் பெயர் கைசர். செம்பட்டை நிற நாட்டு நாய். சில நாய்க்குச் சாம்பல் மேடு பிடிக்கும், சிலதுக்கு ஸ்கூட்டருக்கு அடியில் பிடிக்கும். கைசருக்குப் பிடித்தது கேட்டுக்கு உள்பக்கம், வெறும் தரை. சாக்கு விரித்துக் கொடுத்தேன். இழுத்துத் தள்ளிவிட்டு மண்ணிலேயே படுத்தது.

அதுகூடப் பரவாயில்லை. படுக்கும் விதம்தான் சரியில்லை. தாடை தரையில் படாது. நாலு விரல் உயரத்தில், காற்றில் நிற்கும். விழித்திருக்கும்போது அல்ல, நல்ல தூக்கத்தில். தாடைக்கு அடியில் தொங்கும் தோல் தட்டையாக அமுங்கியிருக்கும்.

"யாருக்கயோ கால்ல தல வச்சிட்டு ஒறங்குதது மாதிரி இருக்கு," என்றாள் லிஜி.

நான் சிரித்தேன். குனிந்து அந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனால் கைசர் கண்ணைத் திறந்து, என் கையைப் பார்த்து உறுமியது.

வெள்ளிக்கிழமை சத்தியராஜ் துபாயிலிருந்து போன் செய்தான். வீடு எப்படி, தண்ணீர் வருகிறதா... எதுவும் கேட்கவில்லை.

"கைசர் எங்க கெடந்து ஒறங்குது?"

"கேட்டுக்க பக்கத்துல."

"ஓ... சரி." வைத்துவிட்டான். நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஐ.எஸ்.டி. பேசுகிறவன் கேட்கிற கேள்வியா இது என்று நாங்கள் இரண்டு பேரும் கேலி செய்தோம்.

அந்த வருடம் தினமும் அரை மணி நேரம் லோட்ஷெடிங். எங்களுக்கு ராத்திரி எட்டு முதல் எட்டரை வரை. ஒருநாள் கரண்ட் வந்தபோது கைசர் ஹாலுக்குள் படுத்திருந்தது. தாடை காற்றில். முன்வாசல் கிரில் கதவை நான்தான் பூட்டியிருந்தேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

அடுத்த வெள்ளி. அதே கேள்வி.

"இப்போ ஹாலுல கெடக்குது."

அவன் சிஜியின் அறையைப் பற்றிக் கேட்டான்.

"மோளுக்க முறிக்கு பக்கத்துலயா?"

"இல்ல. எதுக்குலே கேக்குத?"

"சும்மாதான் மக்கா."

இரண்டு நாள் கழித்து, கரண்ட் போய் வந்தபோது, கைசர் சிஜியின் அறை வாசலில் படுத்திருந்தது. இழுத்து வெளியே கட்டினேன். மறுநாளும் வாசலில்தான். கயிறு அறுபடவில்லை. முடிச்சு அவிழ்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அதைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவன் அழுதான். ஆம், அழுதான். சந்தோஷத்தில் அழுகிறவனின் அழுகை அது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை. லெந்து நோன்பு தொடங்க ஒரே நாள் இருந்தது. சிஜி சீக்கிரமே தூங்கிவிட்டாள். எட்டு மணிக்குக் கரண்ட் போனது. நான் அடுக்களையில் சிம்னி விளக்கைத் தேடிக்கொண்டிருந்தேன்.

டிக்... டிக்... டிக்...

மொசைக் தரையில் கைசரின் நகம்.

அதற்கு முன்னால் இன்னொரு சத்தம்.

சர்ரக்... சர்ரக்...

யாரோ காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார்கள். கைசர் பின்னால் போகிறது.

லிஜி என் பக்கத்தில் நின்றாள். அவள் நடக்கவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சிஜியின் கட்டில் ஓரத்தில் கைசர் படுத்திருந்தது. தாடை காற்றில். வாலை மெல்லத் தரையில் தட்டியது. டப்... டப்...

பிறகு...

டொக்.

அதன் தலை தரையில் விழுந்தது. அடியில் இருந்தது எடுக்கப்பட்டுவிட்டது.

மெத்தை அமுங்கியது. என் மகளின் முதுகுப் பக்கம்... மெதுவாக... ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு.

பிள்ளையை அள்ளினேன்.

ஓடினோம்.

பின்னால் போன் அடித்தது.

அன்று வெள்ளிக்கிழமை அல்ல.

ரோட்டில் ஆட்டோ பிடித்து பாறசாலையில் லிஜியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். துணிமணி எடுக்கக்கூட நான் திரும்பிப் போகவில்லை. சத்தியராஜும் அதற்குப் பிறகு எனக்குப் போன் செய்யவில்லை.

நான்கு மாதம் கழித்து நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் ராஜப்பனைப் பார்த்தேன். அவனும் எங்களோடு படித்தவன். நடந்ததைச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"என்னட்டயும் வந்து கேட்டான் மக்கா, வீட்டுல வந்து இரி எண்ணு. எனக்கு ரெண்டும் பயலுவளாக்கும் எண்ணு சொன்னேன். அப்போ வேண்டாம் எண்ணுட்டுப் போயிட்டான்."

எனக்கு மகள் இருப்பதால்தான் என்னிடம் வந்திருக்கிறான். சபை முன்னால் ஏந்திய அதே பிள்ளையை, தன் பிள்ளைக்குப் பதிலாகக் கொண்டுபோய் அந்தக் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறான்.

ராஜப்பன் மீதியையும் சொன்னான். சத்தியராஜின் மகள் இரவில் தூங்கமாட்டாளாம். யாரோ கட்டிலில் வந்து உட்காருவதாகச் சொல்லி அழுவாளாம். கைசர் எப்போதும் அந்தக் கட்டில் ஓரத்தில்தான் கிடக்குமாம். அதற்குப் பயந்துதான் அவளைத் துபாய்க்குக் கொண்டுபோனானாம். அங்கேயும் விடவில்லையாம்.

"இப்ப அவனுக்க மோளு நல்லா ஒறங்குதா. நீங்க அந்த வீட்டுல இருந்த நாளுல கொஞ்சம் கொஞ்சமா சரியாச்சு. லெந்துக்கு முந்தின செவ்வாக்கெழம ராத்திரி தொட்டு ஒரு தொந்தரவும் இல்லியாம்."

சிஜி இப்போது எங்கள் இருவருக்கும் நடுவில்தான் தூங்குகிறாள். அது துபாய் வரைக்கும் போயிருக்கிறது. நாங்கள் ஓடிவந்தது பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை.