உப்புக்குச் சப்பாணிப் பாடம்

செசிலியாவிடம் யாராவது "உனக்கெதுக்கு இது" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கே அது அவளுக்கு வேண்டும். கல்லூரிப் படிப்பு அப்படி வந்ததுதான். அதிலும் அந்த அரசியல் பாடம் முழுக்க முழுக்க அப்படி வந்தது.

மேல்பட்டாம்பாக்கத்துத் தைரியநாதனின் மகள் அவள். கடலூரில் பி.யு.சி. முடித்த கையோடு, நெய்வேலிச் சுரங்கத்தில் பிட்டராக இருந்த ஆரோக்கியதாஸுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். எழுபத்தேழில் அவளுக்கு முதல் ஓட்டு. வாக்குச்சாவடிக்குப் போகிற வழியெல்லாம் எந்தச் சின்னத்தில் குத்த வேண்டும் என்று ஆரோக்கியதாஸ் பாடம் நடத்திக்கொண்டே வந்தான். திரும்பும்போது கேட்டான்.

"நான் சொன்னதுலதான குத்தின?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுங்க. ரகசியம்."

"புருஷன்கிட்டயுமா ரகசியம்?"

"புருஷன்கிட்டதான் மொதல்ல."

ஆரோக்கியதாஸ் தங்கமான மனுஷன்தான், ஆனாலும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தான். செசிலியா அசையவில்லை. அந்த அட்டை மறைப்புக்குள் அவளைத் தவிர யாரும் இல்லை. அப்பன் இல்லை, புருஷன் இல்லை, பங்குச் சாமியாரும் இல்லை. அப்படி ஓர் இடம் அதுவரைக்கும் அவளுக்கு வாய்த்ததே இல்லை. இதை யார் யோசித்துக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று குழம்பு தாளிக்கும்போதுகூட நினைத்துக்கொள்வாள்.

மகள் ஜெயசெல்வி நடக்க ஆரம்பித்த பிறகு, பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். கல்யாணமானவளுக்குப் படிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அவர்கள் இருந்த சுரங்கக் குடியிருப்பின் பிளாக் முழுக்கப் பேசியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துணைப்பாடமாக எதை எடுப்பது என்று கேட்டபோது, வரிசையில் பின்னால் நின்ற பெண் ஒருத்தி அக்கறையோடு சொன்னாள்: "அரசியல் எடுக்காதீங்கக்கா, ஒரே சட்டம், ஓட்டுன்னு மண்டை காயும். உங்களுக்கெதுக்கு அது?"

அவ்வளவுதான். அரசியல் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

துணைப்பாடம் என்றால் உப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள், கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அந்த நேரத்தில் தூங்கினார்கள். செசிலியா மட்டும் சேத்தியாத்தோப்பு வழியாக வருகிற பஸ்ஸில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் அந்தப் புத்தகத்தைத்தான் வைத்திருப்பாள்.

இத்தனைக்கும் இந்தப் படிப்புக்கு இருந்த பிடிமானம் ஒன்றே ஒன்றுதான். பிளாக்கின் மாதர் சங்கக் கூடத்தில் பால்வாடி ஒன்று நடந்தது; ஆயாம்மா ஒருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். ஜெயசெல்வியை அங்கே விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். ஆரோக்கியதாஸுக்கு மாறி மாறி ஷிப்ட்; பிள்ளையைப் பார்க்க வேறு நாதி இல்லை. பால்வாடி இல்லையென்றால் படிப்பு இல்லை.

அந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடத்தின் சாவி தலைவி கையில் இருக்கும். தலைவி யார் என்பதைப் புருஷன்மாரின் உத்தியோகம் முடிவு செய்யும். பெரிய ஆபீசரின் மனைவி எவளோ அவள்தான் தலைவி. அவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருகிறவரின் மனைவி. ஆபீசர் வீட்டுப் பெண்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு ஜமக்காளம். கூப்பிடுவதும் அப்படியே. வெல்டர் அம்மா, போர்மேன் அம்மா, கிரேன் ஆபரேட்டர் அம்மா. பெண்களுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருப்பது ரேஷன் கடைக்காரருக்குக்கூடத் தெரியாது. தையல் சொல்லித் தந்த பார்வதி டீச்சருக்கு மட்டும் பெயர் இருந்தது. அவளுக்கு மட்டும்தான் சொந்தமாக ஒரு வேலை இருந்தது.

எண்பத்தொன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கக் கூட்டம். மறுநாள் செசிலியாவுக்கு அரசியல் பரீட்சை. அப்போதைய தலைவி டெபுடி சீஃப் இன்ஜினியரின் மனைவி. டெபுடி சீஃப் அம்மா எழுந்து, நாளையிலிருந்து பால்வாடி கிடையாது, கூடம் பூ அலங்கார வகுப்புக்கு வேண்டும் என்றாள்.

ஜமக்காளத்தில் சலசலப்பு. அங்கே உட்கார்ந்திருந்த முக்கால்வாசிப் பேரின் பிள்ளைகள் அந்தப் பால்வாடியில்தான் இருந்தன. ஆனால் பூனைக்கு மணி கட்டுவது யார்? புருஷன்மார் எல்லாரும் டெபுடி சீஃபுக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள்.

"எனக்கு நாளைக்குப் பரீட்சைங்க," என்று செசிலியா எழுந்தாள். "புள்ளைய எங்க வுடறது?"

"உங்களுக்கெதுக்குங்க இந்த வயசுல பரீட்சை? வூட்டைப் பாருங்க, பிட்டர் அம்மா."

சொல்லக் கூடாத வார்த்தையைத் தலைவி சொல்லிவிட்டாள்.

"சரிங்க. அப்ப தலைவி யாருன்னு ஓட்டுப் போட்டுப் பாத்துடலாம். நான் நிக்கிறேன்."

டெபுடி சீஃப் அம்மா சிரித்தாள். "பிட்டர் அம்மா நிக்கிறாங்களாம். போட்டுக்கலாமே. யாரு யாருக்குன்னு கையத் தூக்குங்க."

"கையத் தூக்குறதெல்லாம் வேணாம். ரகசிய ஓட்டு. யாரு யாருக்குப் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியக் கூடாது. அதான் மொறை."

பாடத்தில் படித்த ஒன்றையும் அவள் விடவில்லை. தையல் மெஷின்களுக்குப் பின்னால் புடவையைக் கட்டி மறைப்பு. ஒரே அளவில் துண்டுத்தாள். பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் காட்டி, மூடி ஒட்டி, பெட்டியாக வைத்தாள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பார்வதி டீச்சர் மறைப்புக்குள் எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொருத்தியும் போய்விட்டு வெளியே வந்த முகத்தைப் பார்த்தபோது, எழுபத்தேழில் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று செசிலியாவுக்குத் தோன்றியது. 

பார்வதி டீச்சர் தாள்களைப் பிரித்துப் படித்தாள். பிட்டர் அம்மா. பிட்டர் அம்மா. டெபுடி சீஃப் அம்மா. பிட்டர் அம்மா. ஜமக்காளம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கொஞ்சம் இருங்க," என்றாள் டெபுடி சீஃப் அம்மா. "பிட்டர் அம்மான்னா எந்தப் பிட்டர் அம்மா? நம்ம பிளாக்குல ஏழு பேர் இருக்காங்க. அதெல்லாம் செல்லாது."

"உங்களுக்கும் அப்படித்தானங்க எழுதியிருக்காங்க?"

"பிளாக்குல டெபுடி சீஃப் ஒருத்தர்தானே."

செசிலியா மறைப்பைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள், தாளின் அளவைக்கூடப் பார்த்தாள். எல்லாம் சரி, ஓட்டுக்கு முன்னால் தன் பெயரைச் சொல்லத்தான் மறந்துபோயிருந்தாள். அவள்தான் நிற்கிறாள் என்று கூடத்தில் இருந்த குழந்தைக்கும் தெரியும், ஆனால் தாளில் இல்லை. சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு தலைவி எழுந்துவிட்டாள். இரண்டு வருஷப் படிப்பு அந்தச் சத்தத்தோடு வாசல் பக்கம் நடந்தது.

"இருங்கம்மா." ஜமக்காளத்திலிருந்து ஒரு குரல். செசிலியாவின் பக்கத்து வீட்டுக் கிரேன் ஆபரேட்டர் அம்மா. வாயில் விரலை விட்டாலும் கடிக்கத் தெரியாதவள் என்று பெயர் எடுத்தவள். எழுந்து நின்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"என் பேரு சாமியம்மாள். நான் எழுதின பிட்டர் அம்மா இவதான்."

செசிலியா பதறிப் போனாள். "அக்கா, சொல்லாதீங்க. ரகசியமா இருக்கணும். அண்ணனுக்கு நாளைக்கு வேலையில ஏதாவது..."

"சும்மா இரு, புள்ள. மூணு வருஷமா ஒரே செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கேன். என் பேரு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. செசிலியா தலையைக் குனிந்தாள்.

"எனக்கும் உன் பேரு தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பேன். இப்ப சொல்லு."

"செசிலியா."

"செசிலியாவுக்குத்தான் போட்டேன். போய் யாருகிட்ட வேணா சொல்லிக்கட்டும்."

அடுத்து ஒருத்தி எழுந்தாள். மாணிக்கம்மாள், செசிலியாவுக்கு. சந்திரா, செசிலியாவுக்கு. ஏழு பிட்டர் அம்மாக்களில் மிச்சம் இருந்த ஆறு பேரும் வரிசையாக எழுந்து தங்கள் பெயரைச் சொல்லி, எழுதியது எங்களை இல்லை, இவளைத்தான் என்றார்கள். நாற்காலியிலிருந்தும் ஒருத்தி எழுந்தாள். பார்வதி டீச்சர் எண்ணவே வேண்டியிருக்கவில்லை. பயப்படுகிறவர்களுக்காகத்தான் ரகசியம் என்று பாடத்தில் படித்திருந்தாள் செசிலியா. பயத்தை உதறிவிட்டு வருகிறவர்களை என்ன செய்வது என்று அதில் இல்லை. அழுதாள். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

டெபுடி சீஃப் அம்மா வாசலிலிருந்து திரும்பினாள். பிறகு வந்து சாவியை நீட்டினாள். "இந்தாங்க, பிட்டர்..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள்.

"செசிலியா," என்றாள் செசிலியா. "உங்க பேரு என்னங்க?"

அவளிடம் யாராவது பெயர் கேட்டு எத்தனை காலம் ஆனதோ.

"புஷ்பவல்லி."

செசிலியா சாவியை வாங்கி ஒரு தரம் பார்த்தாள். திரும்ப அவள் கையிலேயே வைத்தாள்.

"ஆயாம்மாவ நாளைலேர்ந்து வர வேணாம்னு நீங்கதான் சொல்லிட்டீங்க. அது நெல்லிக்குப்பத்துக்கு பஸ் ஏறிப் போயிடுச்சு. அதனால நாளைக்கு மட்டும் நீங்களே வந்து தெறந்து புள்ளைங்களைப் பாத்துக்குங்க, புஷ்பவல்லி அக்கா. சாயங்காலம் வந்து நான் வாங்கிக்கிறேன். எனக்குப் பரீட்சை."