ஐயா காபி குடித்த வீடு

பிள்ளைகளா, வந்தவருக்கு மரியாதை செய்ததற்காக ஒரு குடும்பம் வீட்டை இழக்குமா? நாங்கள் இழந்தோம்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. ஆற்று வெள்ளத்தில் குடிசை போனவர்களுக்காகக் கம்பம் ஊரை ஒட்டி அரசாங்கம் ஒரு காலனி கட்டியிருந்தது. வாடகையில் பாதியை நாங்கள் கட்ட வேண்டும், மீதியை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். சந்தையில் மூட்டை தூக்கிய அப்பாவுக்கு எங்கள் பாதியைக் கட்டவே மூச்சு முட்டும்.

உதவி யாருக்கு உண்மையாகவே தேவை என்று பார்க்க, பெரியகுளத்திலிருந்து ஓர் அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. உள்ளபடியே இருந்து காட்டியிருந்தால் போதும். அது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படியேறி வருகிறவரை எதில் உட்கார வைப்பது என்பதுதான் கவலை.

"அம்புட்டுப் பெரிய ஆபீசர் வர்றாக. சாக்கை விரிச்சு உக்காரச் சொல்லுவீகளா மதினி?" என்று சித்தப்பா அம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டார்.

அவரே டெய்லர் கடை நாற்காலியைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தார். சைக்கிள் கடையிலிருந்து மேசை மின்விசிறி வந்தது. எதிர்வீட்டுப் புதுப்பெண் சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தாள். எங்களுக்குக் காபி என்பதே காய்ச்சல் வந்தால்தான். அம்மா அன்றைக்குக் கெட்டிப் பாலில் போட்டாள்.

அதிகாரி வந்தார். காற்று வாங்கினார். காபியை அடிமண்டி வரை குடித்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார்.

"ஃபேன் இருக்கு, சேர் இருக்கு, காபி மணக்குது. நல்ல வசதியாத்தான் இருக்கீங்க. உங்களுக்கு எதுக்குய்யா அரசாங்கத்துக் காசு?"

அப்பா கைகட்டி நின்றார். அம்மாதான் பேசினாள்.

"அம்புட்டும் எரவலுங்கய்யா. நீங்க வர்றீகன்னு வாங்கி வச்சது."

அதிகாரி சிரித்தார். "ஃபேனையெல்லாமா எரவல் வாங்குவாங்க? கதை விடாதம்மா."

அத்தோடு எழுந்து போய்விட்டார்.

தெருக்கோடி வீடு, மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒருவர் பெயரில் இருந்தது. அதை அவர் வேறு ஆளுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். அன்றைக்கு மட்டும் குடியிருந்தவர்களைக் கிளப்பிவிட்டு, ஜீப்பை மெயின்ரோட்டில் நிறுத்திவிட்டு, கிழிந்த பனியனோடு பாயில் படுத்து இருமினார். அதிகாரி வாசலில் நின்றே பரிதாபப்பட்டார். ஒரு வாய் தண்ணீர்கூட அங்கே அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் உதவி அந்த வீட்டுக்குத் தொடர்ந்தது, எங்களுக்கு நின்றது.

"இருமத் தெரியாம போச்சேண்ணே நமக்கு!" என்றார் சித்தப்பா. சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

அப்பா பெரியகுளத்துக்கு நடையாய் நடந்தார். விசாரித்தாயிற்று, முடிந்தது என்றார்கள். மக்கள் பணம், தகுதியில்லாதவர்களுக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார்களாம். பிள்ளைகளா, மக்கள் பணம்தான். அது ஏலத்தோட்டத்துக்குப் போனதே, அதைக் கேட்க ஆளில்லை.

முழு வாடகை கட்ட முடியாமல் காலனியைக் காலி செய்தோம். சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்து மோட்டார் அறையில் தங்க இடம் கிடைத்தது. மாட்டுவண்டியில் பாத்திரங்களோடு நானும் உட்கார்ந்தேன். மோட்டார்த் தண்ணீரில் தினமும் குளிக்கலாம் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

"ஏம்மா, அந்த ஐயா அங்கனயும் வருவாகளா?" என்று கேட்டேன்.

அம்மா சொன்னாள்:

"வரட்டும்டா. அவுக கண்டிப்பா வந்து பாக்கணும்."

அம்மாவுக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.