பார்சல் மாமாவும் ரோசாலியின் உயரமும்

இதில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். இறந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் கூட்டித்தான் எழுத வேண்டும் என்று என் அப்பா சொன்னார். ஆனால் என் தோழி ரோசாலியின் அப்பா ஞானப்பிரகாசம் மாமாவுக்குக் கூட்டினாலும் பிடிக்காது, குறைத்தாலும் பிடிக்காது. திண்டுக்கல் ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில் எடை போடுவது அவர் பார்த்த வேலை.

செவ்வாய்க்கிழமை சரித்திர வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பியூன் வந்து வாசலில் நின்றார். சிஸ்டர் வெளியே போய்ப் பேசிவிட்டு ரோசாலியை அழைத்தார். ஜன்னல் வழியாக எனக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். வேலையில் இருக்கும்போதே மாமாவுக்கு மாரடைப்பு வந்துவிட்டது என்று பிறகு எங்களுக்குச் சொன்னார்கள். நான் புத்தகத்தை மூடாமலே அவளுடன் வீட்டுக்கு ஓடினேன். எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே சுவர்.

ரோசாலி கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அம்மா இறந்துவிட்டார். மாமாவும் அவருடைய அக்கா மரியம்மாள் அத்தையும்தான் அவளை வளர்த்தார்கள். இது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவர் எப்படி வளர்த்தார் என்பது அருகில் இருந்த எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

பெண் பிள்ளைகளின் பாவாடையில் டக்குப் பிடித்துத் தைப்பார்கள் அல்லவா? துணியை அடியில் இரண்டு மூன்று மடிப்பாகத் தைத்து வைத்து, பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் மாமா தாமே பிளேடும் கையுமாக உட்கார்ந்து அதைச் செய்வார். நாங்கள் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் ஒரு மடிப்பைப் பிரித்து ரோசாலியை உடுத்திவரச் சொன்னார். பாவாடை தரையைக் கூட்டியது. மறுபடி தைத்தார். தைத்துக்கொண்டிருந்தவர் பாதியில் ஊசியை நிறுத்தினார்.

"போன வருசமும் இதே மாதிரி பிரிச்சுட்டுத் திருப்பித் தச்சேன்ல அக்கா?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?" என்றார் அத்தை.

மாமா என்னைக் கூப்பிட்டார். "தாயி, செத்த நேரம் இவ பக்கத்துல நில்லு." நான் நின்றேன். என் பாவாடையில் மடிப்பே மிச்சம் இல்லை. முன்பு நாங்கள் இருவரும் ஒரே உயரம். இப்போது அவள் தலை என் காதுக்குக் கீழே இருந்தது.

"அவ ஆத்தா குள்ளம். அந்த வாகு," என்றார் அத்தை.

"குள்ளமானவளும் வருசா வருசம் வளந்துதானக்கா குள்ளமா நின்னா? நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு இருக்கல்லியே!"

அந்த வாக்கியத்தை நான் அன்றைக்கே மனப்பாடம் செய்துகொண்டேன்.

அதிலிருந்து அவர் அவளைக் கவனித்த விதம் தெருவுக்கு வேடிக்கையாக இருந்தது. கதவு நிலையில் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பார்சல் ஆபீசுக்குக் கூட்டிப்போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றுவார். போர்ட்டர் கருப்பையா, "எந்த ஊருக்கு சார் புக் பண்ணப் போறீக? ஒடையிற சாமான்னு எழுதி ஒட்டிருவமா?" என்று கேட்பாராம். தெருமுனைச் சோடாக் கடைக்காரர், "பொம்பளப் புள்ளைய இம்புட்டு அளக்குறீரே, மாப்பிள்ள வீட்டுல அளவு கேட்டாகளாக்கும்?" என்றார். மாமா அவரிடம் ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு, "வளராத புள்ளைக்கு எங்கய்யா மாப்பிள்ள?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

உயரம் மட்டும் அல்ல. ரோசாலி வகுப்பில் தூங்கினாள். முகம் காலையிலேயே உப்பியிருந்தது. அவள் குரல் கனத்துவிட்டது. தலைமுடி சீப்போடு வந்தது. கணக்கு டீச்சர் அவளை மக்கு என்று அழைக்கத் தொடங்கியிருந்தார். நான் இவற்றை எல்லாம் தினமும் பார்த்தேன், ஆனால் சேர்த்துப் பார்க்கவில்லை. மாமா சேர்த்துப் பார்த்தார். "தெனமும் பாக்குறவனுக்குப் புள்ள மாறுறது தெரியாது தாயி. அப்பப்ப விருந்தாளி மாதிரி பாக்கணும்," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அத்தைக்கு வேறு கவலை. "வயசுக்கு வாற நேரத்துல ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனா ஊரு என்ன பேசும்? நாலு வருசம் பொறு," என்றார். மாமா பொறுக்கவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மதுரைக்கு ரயில் ஏறினார்.

அங்கே பார்த்த டாக்டரம்மா மலம் போவதைப் பற்றிக் கேட்டாராம். ரோசாலி வெட்கத்தில் முந்தானையைத் தேடினாளாம், பாவாடை சட்டைக்கு ஏது முந்தானை! எல்லாக் கேள்விக்கும் மாமாவே பதில் சொன்னார்: எப்போதிலிருந்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த மாதத்திலிருந்து குளிர்கிறது என்கிறாள். டாக்டரம்மா அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். இரத்தமும் எடுத்தார்கள். கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்பு வளரவும், மூளை சுறுசுறுப்பாக இருக்கவும், பெண் பருவமடையவும் அதன் நீர் வேண்டுமாம். "உங்கள் பெண் சோம்பேறி இல்லை. அந்தச் சுரப்பிதான் சோம்பேறி," என்றாராம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. நன்றாகிவிட்டது என்று நிறுத்தக் கூடாது.

மறுநாள் மாமா முதலில் போனது ஆபீசுக்கு அல்ல, எங்கள் வகுப்புக்கு. கணக்கு டீச்சர் முன்னால் கைகட்டி நின்றார். "எம்புள்ள மக்கு இல்லீங்க டீச்சர். அவளுக்குக் கழுத்துல ஒரு சொகக்கேடு. இனிமே அந்தப் பேரச் சொல்லாதீக," என்றார். சத்தம் போடவில்லை. டீச்சர் எழுந்து நின்றார். அந்தப் பெயரை வகுப்பில் அதன்பிறகு யாரும் சொன்னதில்லை.

ரோசாலி வளர்ந்தாள். கதவு நிலையில் கோடுகள் ஏறின. ஆனால் அடுத்த தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், ஒரு தவறு நடந்தது. மாமாவுக்கு அப்போது இரவு வேலை. ரோசாலி தினமும் காலைப் பூசைக்குப் போய், சாமியார் நாக்கில் வைக்கும் அப்பமான நன்மை வாங்கினாள். நன்மை வாங்கும் முன் வாயில் எதுவும் போடக் கூடாது என்பது அத்தை சொல்லிக்கொடுத்த பழைய ஒழுங்கு. பூசை முடிந்து வந்தால் அத்தையின் கஞ்சி தயாராக இருக்கும். கஞ்சி குடித்தபின் வயிறு வெறும் வயிறு இல்லையே! இரண்டு விதிகளுக்கும் நடுவில் மாத்திரை விழுந்துபோயிற்று. அவள் மறைக்கவும் இல்லை. இயேசு பார்த்துக்கொள்வார் என்று நம்பியிருந்தாள்.

ஒரு பிற்பகல் மாமா ஓய்வாக வீட்டில் இருந்தபோது, பங்குனி வெயிலில் அவள் போர்வையை இழுத்துப் போர்த்துவதைப் பார்த்தார். "ஏத்தா, மாத்திரை போடுறியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அவள் உண்மையைச் சொன்னதும், திட்டாமல் அவளைப் பங்குச் சாமியாரிடம் கூட்டிப்போனார். நானும் போனேன்.

சாமியார் சிரித்துவிட்டார். "மருந்து சாப்பாடு இல்லம்மா. போட்டுக்கிட்டே பூசைக்கு வா. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்."

"சாமி, இத எங்கக்காகிட்டயும் ஒரு தடவ சொல்லிருங்க," என்றார் மாமா.

அந்த வாரமே அவர் பகல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு மாத்திரையும் தண்ணீரும் அவர் கையாலேயே வந்தன. இனி அதை யார் கொடுப்பது என்ற கேள்விதான் செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னை அரித்தது.

புதன்கிழமை காலை அடக்கத்துக்கு முன் கூடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ரோசாலி சவப்பெட்டியின் அருகில் இருந்து எழுந்து உள்ளே போனாள். சின்னாளப்பட்டியிலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்தி, அவள் கையில் தம்ளரைப் பார்த்துவிட்டு, "பெட்டி தூக்குற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படலாமா?" என்று கேட்டாள்.

மரியம்மாள் அத்தை அழுத முகத்துடன் நிமிர்ந்தார். "நீ சும்மா இரு. அவ மருந்து போடுறா. என் தம்பி இங்கனதான் படுத்திருக்கான், அவன் பாக்கட்டும்."

ரோசாலி எல்லார் முன்னாலும் மாத்திரையை விழுங்கினாள். பிறகு வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

மாமாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த விருந்தாளிப் பார்வை. இன்று மாலை என் தம்பியை அப்படிப் பார்த்தேன். அவன் சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருக்கிறது. நன்றாகத்தான் வளர்கிறான். ரோசாலியையும் இனி அப்படியே பார்ப்பேன். அவளிடம் சொல்லிவிட்டேன். "பாத்துக்க," என்றாள். இன்னும் எழுத இருக்கிறது, ஆனால் அப்பா விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார்.