கடல் வந்ததா?

வாசலில் பேப்பர் தொப்பென்று விழுந்ததும் அப்பாவின் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ஒரு சாயங்காலம், கடல் பொங்கி வருகிறதென்று மயிலாப்பூரில் எங்கள் தெருவே ஓடியது. அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை.

"நாளைக்குப் பேப்பர்ல வரட்டும்."

"பேப்பர் வர்றதுக்குள்ள கடல் வந்துடும், எழுந்திருங்க!" மூட்டை கட்டிக்கொண்டே அம்மா கத்தினாள்.

மறுநாள் பேப்பரில், நிருபர் கடற்கரைக்கே போய்ப் பார்த்துவிட்டு, வெறும் புரளி என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகுதான் அம்மா மூட்டையைப் பிரித்தாள்.

நேற்று வாட்ஸ்அப்பில், பாலவாக்கத்தில் கடல் புகுந்ததாக ஒரு வீடியோ. அப்பா சொன்னதையே நானும் மகளிடம் சொன்னேன். இன்று பேப்பரைப் பிரித்தால், அதே வீடியோவின் படம். கீழே, 'சமூக வலைதளங்களில் பரவும் காட்சி' என்று மட்டும்; யாரும் போய்ப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை.

"அப்போ கடல் வந்துச்சா, இல்லையாப்பா?"

பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

"வா, போய்ப் பார்த்துட்டு வரலாம்."