முட்டிக்குச் சொன்ன வார்த்தை

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன். வேறொருவரை விட்டு எழுதவைத்தால் கோபம் ஆறிப்போய்விடும்.

'ரீப்ளேஸ்' என்ற வார்த்தையை முதலில் டாக்டர் வாயில்தான் கேட்டேன். தேய்ந்துபோன என் முட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாக ஒன்றை வைப்பதாம். மூன்று தடவை விளக்கினார். "சம்மதமாம்மா?" என்று கேட்டார். தலையாட்டினேன். நல்லபடியாக முடிந்தால், ஆடி வெள்ளியன்று நடந்தே வந்து, எங்கள் தறியில் நெய்த சேலையை அம்மனுக்குச் சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது.

தறியில் ஏற்றும் ஒரு பாவு நூலில் மூன்று சேலை வரும். இரண்டு, நாங்கள் நெய்து கொடுக்கும் ஜவுளிக்கடைக்கு, மூன்றாவது அம்மனுக்கு என்று கடையில் சொல்லித்தான் பாவு ஏற்றினோம். அந்த மூன்றாவதை என் மகன் தினமும் குளித்துவிட்டுத்தான் நெய்தான். நான் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தேன்.

நெய்து முடித்த அவசரத்தில் மூன்றையும் ஒரே துணியில் கட்டிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தான், புத்தி கெட்டவன். மறுநாள் அவனையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். விற்றுவிட்டார்களாம்.

மேனேஜர் வேறொரு சேலையை எடுத்து வைத்தான். "கவலப்படாத ஆயா, ரீப்ளேஸ் பண்ணிடறேன். உன்னுதவிட ஒசத்தி."

"அம்மனுக்குன்னு சொன்னது இல்லியா?"

"சாமிக்கு இன்னா தெரியப் போவுது? முட்டியவே ரீப்ளேஸ் பண்ணிக்கினு நடந்து வர்ற. சேலைக்கு மட்டும் வம்பு பண்றியே!"

கடையே சிரித்தது. என் மகனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அதுதான் எரிந்தது.

"முட்டி தேஞ்சுபோச்சு, மாத்துனாங்க. என் சேலை தேஞ்சா போச்சு? டாக்டர் என்னக் கேட்டுட்டு மாத்துனாரு. நீ யாரக் கேட்டப்பா?"

அவன் சேலையை மேஜைமேலேயே விட்டு வந்தேன்.

ஆடி வெள்ளியன்று வெறுங்கையோடு கோயிலுக்கு நடந்து போனேன். கூட்டத்தில் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் அம்மனிடம் சொன்னேன்.

"வேற நெய்யப்போறோம். சம்மதமா?" என்று கேட்டேன்.

வீட்டில் மகன் முனகினான். "அதுவும் ரீப்ளேஸ்தானேம்மா?"

"ஆமாண்டா. ஆனா நான் கேட்டுட்டு வந்துட்டேன்."

புதுப் பாவு ஏற்றியாகிவிட்டது. தினமும் குளிக்கிறான். இன்னும் அவனோடு நான் சரியாகப் பேசவில்லை.

பேத்தி, இங்க வாம்மா. இத சத்தமா படிச்சுக் காட்டு. கோபம் கொறஞ்சு தெரிஞ்சா சொல்லு, இன்னும் நாலு வரி எழுதணும்.