வெள்ளிப் பூணில் நான்கு வரி

எங்கள் ஊரில் பாதி கழனிக்குச் சொந்தக்காரரான பெரிய வீட்டுக்காரரை என் அப்பா ‘ஐயா’ என்பார். நான் ‘சார்’ என்பேன். அதுவே பெரிய வீட்டுக்காரருக்குப் பிடிக்காது.

அவருடைய கொள்ளுத்தாத்தாவும் மற்ற நிலக்காரர்களும் வெள்ளைக்காரக் கலெக்டருக்குப் பரிசளித்த தடி ஒன்று லண்டனில் ஏலத்துக்கு வர, அங்கிருக்கும் அவர் மகன் அதை வாங்கி அனுப்பியிருந்தான். ஆளுயரக் கருங்காலி. தலையில் வெள்ளிச் சிங்கம், கழுத்தில் பூவேலை செய்த வெள்ளிப் பூண். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறாராம். பூணில் இருந்த ஆங்கில எழுத்து சுழித்துச் சுழித்துத் தேய்ந்துபோயிருந்தது. நான் கும்மிடிப்பூண்டி உருக்காலையில் நாள் முழுக்க லென்ஸில் இரும்பைப் பார்ப்பவள். அதனால் கூப்பிட்டனுப்பினார்.

அப்பாவும் வந்தார். எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. அறுவடைக்கு வர மறுத்த கூலியாட்களைப் பிடித்துவந்து வயலில் இறக்கியதற்கு நன்றியாக, நிலக்காரர்கள் கலெக்டருக்கு அளித்தது என்று நான்கு வரி இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டுத் தமிழில் சொன்னேன்.

“ஊர் ஜனங்க அன்பா குடுத்ததுன்னு எழுதிக்குடு, போதும்” என்றார் பெரிய வீட்டுக்காரர்.

“ஊர் ஜனங்க குடுக்கல சார். புடிச்சினு வந்தது எங்க ஆளுங்கள.”

அப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டார்.

விழாவன்று பெட்டிக்கு மேல் பலகையில் அவர் சொன்ன வாசகமே இருந்தது. தலைமையாசிரியர் பேசி முடித்ததும் மேடையேறி மைக்கை வாங்கி அந்த நான்கு வரியையும் தமிழில் படித்தேன். எங்கள் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். பெரிய வீட்டுக்காரர் தடியை எடுத்துக் காரில் போடச் சொன்னார். போகிற போக்கில் அப்பாவிடம், “ரெண்டு எழுத்து படிச்ச திமிரு. இனிமே என் கழனியில கால் வெக்காத” என்றார்.

அப்பா குத்தகைக்குப் பயிரிட்ட அரைக் காணி அந்த வாரமே போனது. ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலை, ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

“எத்தினி பேரப் புட்ச்சினு வந்தாங்களாம்?”

“அது எழுதல நைனா.”

“எழுத மாட்டானுங்க” என்றார்.