கொம்பு ஊதும்வரை

மரம் அறுக்கும் ஆலையில் காலமெல்லாம் ரம்பத்தின் பக்கத்தில் நின்றவனுக்குக் காது எப்படி மிஞ்சும்? லாம்ப்ரோஸுக்கு இரண்டு வருடமாகச் சரியாகக் கேட்பதில்லை. அது அவன் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். நண்பர்களுக்குத் தெரிந்தால் முயல் வேட்டை போச்சு. கண் மங்கிய கொச்சோஸைக் கூட்டத்திலிருந்து கழற்றிவிட்டபோது, "அவன் கையில துப்பாக்கி இருந்தா நமக்குத்தான் குழி" என்று முதலில் சொன்ன வாய் லாம்ப்ரோஸுடையது. வீம்புக்கு மட்டும் அந்த மனிதனிடம் குறைவே இல்லை.

புனித திமித்ரியோஸ் திருநாளுக்கு மறுநாள், வருடா வருடம் போல, தூலிஸும் மித்ரோஸும் நாய்களோடு வந்து சேர்ந்தார்கள். மலையை மூடுபனி அப்பியிருந்தது.

"இன்னிக்கு வேண்டாம்டா. எதிர்ல நிக்கிற கழுதைகூடத் தெரியல," என்றான் மித்ரோஸ்.

"நீ எனக்கு நல்லாத் தெரியுறியே," என்றான் தூலிஸ். "நாய் குரைக்கிறத வச்சுத்தான நிக்கப் போறோம். கண்ணு எதுக்கு?"

லாம்ப்ரோஸ் அவர்கள் உதடுகளைப் பார்த்துச் சிரித்து வைத்தான்.

நாய்கள் கிளப்பிய முயல் எவ்வளவு ஓடினாலும் வட்டமடித்துக் கிளம்பிய இடத்துக்கே வரும். அந்தத் தடத்தில் ஆளுக்கொரு இடத்தில் காவல் இருப்பார்கள். வேட்டை முடிந்தது என்று தூலிஸ் கொம்பு ஊதும்வரை யாரும் நகரக் கூடாது. ஊதிய பிறகு துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. பனியில்லாத நாளில் லாம்ப்ரோஸ் எதிர்ச் சரிவையே பார்த்துக்கொண்டிருப்பான். மித்ரோஸ் எழுந்தால் தானும் எழுவான். இப்படியே இரண்டு வருடம் ஒப்பேற்றியாயிற்று. இன்று எதிர்ச் சரிவே இல்லை.

பாறை மறைவில் உட்கார்ந்தான். நாய்கள் முயலைக் கிளப்பினவா, தவறவிட்டனவா, ஒன்றும் புரியவில்லை. இறங்கிப் போய்க் கேட்கலாம். கேட்டால் குட்டு உடைந்துவிடும். விரல்கள் விறைத்தன. பயமாக இருந்தது. வெகுநேரம் கழித்துக் கீழே புதருக்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது. முயல் வரும் தடம்தான், முயலின் உயரம்தான். சுட்டான்.

புதரை விலக்கிப் பார்த்தால், கிடந்தது தூலிஸின் பெட்டை நாய் ஃப்ளோகா. அதன் கயிற்றைப் பிடித்தபடி தூலிஸ் மண்டியிட்டிருந்தான். ஒரு முழம் தள்ளிப் பட்டிருந்தால் அவன் போயிருப்பான். பின்னாலேயே மித்ரோஸ் மூச்சிரைக்க வந்து நின்றான்.

தூலிஸ் எழுந்து லாம்ப்ரோஸின் முகத்தருகே வந்தான். உதடுகள் தெளிவாகத் தெரிந்தன.

"கொம்பு ஊதி எவ்ளோ நேரமாச்சு. நான்தான், சுட்டுடாதடான்னு உன் பேரச் சொல்லிக் கத்திக்கிட்டேதான வந்தேன். கேக்கலையா உனக்கு?"

கேட்கவில்லை என்று சொன்னால் போதும். அவன் காலைப் பிடித்து அழலாம், அவனும் திட்டிவிட்டு ஆறிப்போவான். ஆனால் வேட்டைக்காரர்கள் காப்பிக்கடைக்குள் நுழைந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும் கொச்சோஸ் நினைவுக்கு வந்தான்.

"கேட்டுச்சு," என்றான் லாம்ப்ரோஸ்.

தூலிஸின் முகத்திலிருந்த கோபம் வடிந்தது. லாம்ப்ரோஸின் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து கண்ணெடுக்காமல் அவன் மெல்லப் பின்னால் நகர்ந்தான்.

"மித்ரோஸ்," என்றான், "அத அவன்கிட்டேர்ந்து பையப் பேசி வாங்குடா."